மோட்டார் ஷீல்டில் 12 வோல்ட் விசிறியின் வேகம் சீராகக் குறையவில்லை: காப்பி உலர்த்தும் பெட்டிக்கு உதவி தேவை

நாகலூர்க் காப்பிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குச் சில்வர் ஓக் நிழலில் சிறிய அரபிக்கா தோட்டம் இருக்கிறது. பழம் பறிக்கும் மாதங்களிலேயே வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடுவதால், களத்தில் காயும் பார்ச்மென்ட்டை, அதாவது பழத்தோல் நீக்கி உள்ஓட்டோடு காயவைக்கும் கொட்டையை, தார்ப்பாயால் மூடுவதும் திறப்பதுமாகவே எங்கள் நாள் கழிகிறது. அதனால் இந்த முறை மொட்டைமாடியில் பாலிகார்பனேட் தகடு வேய்ந்த ஓர் உலர்த்தும் பெட்டியைக் கட்டினேன். அடியில் கருப்புச் சாயம் பூசிய தகரத்தின் மேல் காற்று சூடாகி, ஆறு தட்டுகளின் வழியே ஏறி, உச்சியில் உள்ள இரண்டு விசிறிகளால் வெளியே இழுக்கப்படுகிறது.

விசிறிகள் பழைய கணினிப் பொருள் விற்கும் கடையில் வாங்கியவை. 120 மில்லிமீட்டர் அளவு, இரண்டே கம்பிகள், ஒட்டுத்தாளில் 12 வோல்ட், 0.58 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. இரண்டையும் இணையாகச் சேர்த்து, ஆர்டுயினோ ஊனோ என்ற நிரல் ஏற்றும் சிறு பலகையின் மேல் செருகிய மோட்டார் ஷீல்டின் (மோட்டாரை ஓட்டும் துணைப்பலகை) ஏ வாயிலில் கொடுத்திருக்கிறேன். ஷீல்டில் இருப்பது எல்298பி சில்லு. மின்சாரம் சூரியத் தகட்டால் சார்ஜ் ஆகும் 12 வோல்ட் ஈய அமில பேட்டரியிலிருந்து வருகிறது. பெட்டிக்குள் வெப்பநிலையும் ஈரப்பதமும் அளக்கும் டிஹெச்டி22 சென்சார் ஒன்று தொங்குகிறது. ஈரப்பதம் கூடினால் விசிறி வேகமாகவும், குறைந்தால் மெதுவாகவும் சுற்ற வேண்டும் என்று நிரல் எழுதியிருக்கிறேன்.

முதல் இரண்டு நாள் விசிறி அசையவே இல்லை. சென்சாரின் தகவல் கம்பியை ஊனோவின் 9-ஆம் பின்னில் (இணைப்பு முனையில்) செருகியிருந்தேன் என்பதும், இந்த ஷீல்டில் ஏ வாயிலின் பிரேக் அதே பின்தான் என்பதும் பிறகுதான் தெரிந்தது. புல்-அப் மின்தடை அந்தப் பின்னை எப்போதும் உயர்நிலையில் வைத்திருந்ததால், நானே விசிறிக்கு பிரேக் போட்டுவிட்டு நிரலில் பிழை தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். சென்சாரை 7-ஆம் பின்னுக்கு மாற்றியதும் விசிறி சுற்றியது.

ஆனால் வேகக் கட்டுப்பாடு சரியாக அமையவில்லை. வேகத்தை 0 முதல் 255 வரை சொல்லும் அனலாக்ரைட் கட்டளையில் 255 கொடுத்தாலும், விசிறியை நேராக பேட்டரியில் கொடுத்தால் வரும் வேகம் வருவதில்லை. 200-க்குக் கீழே போனால் விசிறியிலிருந்து கரகரவென்று ஓசை கேட்கிறது. 120-க்கு அருகில் ஒன்று நின்றுவிடுகிறது, மற்றொன்று விட்டுவிட்டுத் துடிக்கிறது. சில்லின் மேல் விரலை வைக்க முடியாத அளவுக்குச் சூடு ஏறுகிறது. மல்டிமீட்டரில் பேட்டரி 12.4 வோல்ட்டும், முழு வேகத்தில் ஷீல்டின் விசிறி முனைகள் 9.9 வோல்ட்டும் காட்டுகின்றன; விசிறிகள் இழுக்கும் மின்னோட்டம் ஏறத்தாழ 1 ஆம்பியர். ஒரு வாயிலுக்கு 2 ஆம்பியர் தாங்கும் என்ற ஷீல்டில் ஏன் இப்படி நிகழ்கிறது? ஷீல்டு பழுதா, விசிறி பழுதா, அல்லது இரண்டையும் சேர்த்தது என் தவறா?

ஐந்துரோடு மின்வினைஞர் எழுதியது:

வணக்கம். ஷீல்டும் பழுதில்லை, விசிறியும் பழுதில்லை. மூன்றாவதாக நீங்கள் கேட்டதுதான் உண்மை. நான் சேலத்தில் மோட்டார் சுற்றும் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் மோட்டாரின் வோல்ட்டையும் ஆம்பியரையும் மட்டும் சொல்லிவிட்டுக் கன்ட்ரோலர் கேட்கிறார்கள்; உள்ளே எந்த வகை மோட்டார் இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை.

முதலில் அந்த 2.5 வோல்ட் எங்கே போயிற்று என்று பார்ப்போம். எல்298 மிகப் பழைய வடிவமைப்பு. அதன் உள்ளே இருப்பவை இழப்பு குறைந்த மாஸ்ஃபெட் வகை மின்னணு சுவிட்சுகள் அல்ல, பைபோலார் டிரான்சிஸ்டர்கள். மோட்டாரை இருதிசையிலும் சுற்ற வைப்பதற்காக நான்கு டிரான்சிஸ்டர்கள் எச் வடிவில் அமைந்திருக்கின்றன. எந்தத் திசையில் ஓடினாலும் மின்னோட்டம் மேலே ஒன்றையும் கீழே ஒன்றையும் கடந்தே ஆக வேண்டும். 1 ஆம்பியரில் இந்த இரண்டும் சேர்ந்து 1.8 முதல் 3.2 வோல்ட் வரை விழுங்கும் என்று சில்லின் தரவுத்தாளிலேயே இருக்கிறது; 2 ஆம்பியருக்குப் போனால் 4.9 வோல்ட் வரை போகும். ஆகவே உங்கள் 2.5 வோல்ட் இழப்பு அந்தச் சில்லின் இயல்பு. 2.5 வோல்ட்டை 1 ஆம்பியரால் பெருக்கினால் வரும் 2.5 வாட் முழுவதும் சில்லிலேயே வெப்பமாகிறது. பேட்டரியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு ஐந்து பங்கிலும் ஒரு பங்கு விரலைச் சுடுவதற்கே போகிறது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்சிங்க் ஒட்டினால் சூடு பரவுமே தவிர, இழந்த வோல்ட் திரும்பாது.

இனி அந்தக் கரகரப்புக்கு வருகிறேன். உங்கள் விசிறியில் கார்பன் பிரஷ் கிடையாது. அதன் மையத்தில் ஒரு சிறிய மின்சுற்றுப் பலகை இருக்கிறது. ஹால் சென்சார் காந்தம் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல, ஓட்டும் சில்லு அதற்கேற்பச் சுருள்களை மாற்றி மாற்றி இயக்குகிறது. ஊனோவின் 3-ஆம் பின்னிலிருந்து வரும் பிடபிள்யூஎம் (வேகத்தைக் குறைக்க விட்டுவிட்டு அனுப்பும் மின்துடிப்பு) இயல்பாக 490 ஹெர்ட்ஸ். அதாவது விநாடிக்கு 490 முறை அந்தச் சில்லின் மின்சாரத்தையே வெட்டி வெட்டிக் கொடுக்கிறீர்கள். பிரஷ் மோட்டாருக்கு இது பொருட்டே இல்லை, ஏனெனில் அதற்குச் சிந்திக்கும் உறுப்பு எதுவும் இல்லை. பிரஷ் இல்லாத விசிறியோ, இரண்டு மில்லிவிநாடிக்கு ஒருமுறை கண்ணை மூடித் திறப்பவனைப் போலத் தடுமாறுகிறது. அது எழுந்து காந்தத்தின் இடத்தைக் கண்டுகொள்வதற்குள் மறுபடி மின்சாரம் போய்விடுகிறது. உங்கள் இரண்டு விசிறிகளில் ஒன்று முன்னால் நிற்பதும் மற்றொன்று துடிப்பதும் இதனால்தான். ஒரே மாதிரி தெரிந்தாலும் உள்ளே இருக்கும் சில்லு ஒரே வகையாக இருக்க வேண்டியதில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இந்த ஷீல்டில் 12-ஆம் பின் ஏ வாயிலின் திசையைத் தீர்மானிக்கிறது. அது தவறுதலாக மாறினால் விசிறிக்குத் தலைகீழாக மின்சாரம் போகும். பல விசிறிகளில் அதைத் தடுக்கும் டையோடு இருக்கும். இல்லாதவை அப்போதே போய்விடும். விசிறி ஒரே திசையில்தான் சுற்றப்போகிறது என்னும்போது, இருதிசைக்கான சில்லை வைத்து வோல்ட்டை இழப்பதும் இந்த அபாயத்தைச் சுமப்பதும் தேவையற்றவை.

இருக்கும் விசிறிகளையே வைத்துக்கொள்வதென்றால் ஷீல்டைக் கழற்றிவிட்டு ஒரே ஒரு ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் போடுங்கள். விசிறியின் நேர்க்கம்பி பேட்டரிக்கு, எதிர்க்கம்பி மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கு, சோர்ஸ் தரைக்கு, அதாவது பேட்டரியின் எதிர்முனைக்கு. ஊனோவின் பின்னிலிருந்து, மாஸ்ஃபெட்டைத் திறந்து மூடும் கேட் என்ற காலுக்கு 150 ஓம் அளவில் ஒரு மின்தடையும், கேட்டிலிருந்து தரைக்கு 10 கிலோஓமில் ஒன்றும் வையுங்கள். இந்த 10 கிலோஓம் இல்லையென்றால் ஊனோ விழித்தெழும் அந்தச் சில கணங்களில் கேட் அந்தரத்தில் நின்று மாஸ்ஃபெட் அரைகுறையாகத் திறந்துகொள்ளும். விசிறிக்குக் குறுக்கே 1என்5822 ஷாட்கி டையோடு ஒன்றைத் தலைகீழாகப் போடவும். பேட்டரியின் தரையும் ஊனோவின் தரையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், ஆனாலும் பட்டறையில் தினம் ஒருவருக்காவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். கடையில் ஐஆர்எஃப்இசட்44என் கொடுத்து இரண்டும் ஒன்றுதான் என்பார்கள், ஒன்றல்ல. அது முழுமையாகத் திறப்பதற்குக் கேட்டில் 10 வோல்ட் வேண்டும், ஊனோ தருவது 5 வோல்ட். எல் எழுத்துள்ளது 5 வோல்ட்டிலேயே திறக்கும். 1 ஆம்பியரில் அதில் விழுவது ஒரு வோல்ட்டின் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும்.

கருப்பூர் ஆசிரியர் எழுதியது:

மின்வினைஞர் ஐயா கூறியவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. மாஸ்ஃபெட் போட்டால் வோல்ட் இழப்பும் சூடும் தீரும். ஆனால் கரகரப்பு அப்படியே இருக்கும், ஏனெனில் அதன் காரணம் சில்லு அல்ல, 490 ஹெர்ட்ஸ். ஆகவே அதிர்வெண்ணையும் மாற்றியாக வேண்டும்.

3-ஆம் பின்னும் 11-ஆம் பின்னும் ஊனோவின் சில்லுக்குள் துடிப்பை உருவாக்கும் டைமர் 2-ஐச் சார்ந்தவை. அதன் கடிகார வேகத்தை வகுக்கும் பகுப்பானை 1024 என்று மாற்றினால் அதிர்வெண் 30.6 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். ஒரு சுழற்சிக்கு 33 மில்லிவிநாடி கிடைப்பதால், விசிறியின் உட்சில்லு எழுந்து சில முறை சுருளை மாற்றிவிட்டு ஓயும்; இறக்கையின் உந்தம் இடைவெளியை நிரப்பிவிடும். இரண்டு கம்பி விசிறிகள் பலவும் இவ்வாறு கட்டுக்குள் வருகின்றன. எனினும் மெல்லிய டக்டக் ஓசை இருக்கும், குறைந்த வேகத்தில் எவ்வளவு தூரம் இறங்க முடியும் என்பது அந்தந்த விசிறியைப் பொறுத்தது. நின்ற நிலையிலிருந்து தொடங்கும்போது அரை விநாடி முழு மின்சாரம் கொடுத்துவிட்டுப் பிறகு தேவையான அளவுக்கு இறக்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விசிறி தாக்குப்பிடிக்கும் அளவு மின்சாரம், நிற்கும் விசிறியைக் கிளப்பப் போதாது.

சிலர் இதற்கு நேர்மாறாகப் பகுப்பானை 1 என்று வைத்து 31 கிலோஹெர்ட்ஸுக்குப் போகச் சொல்வார்கள், காதுக்கு ஓசை கேட்காது என்பதற்காக. எல்298-ஐ வைத்துக்கொண்டு அதைச் செய்ய வேண்டாம். அந்தச் சில்லு வழக்கமாக 25 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கே மாறும். அதற்கு மேல் மாறுவதற்கே நேரம் போதாமல் இன்னும் சூடாகும்.

என்னைக் கேட்டால், பெட்டி பல ஆண்டுகள் ஓட வேண்டும் என்று நினைப்பவர் நான்கு கம்பி விசிறி வாங்குவதே முறை. அதில் மின்சாரத்தை யாரும் வெட்டுவதில்லை. தரை, 12 வோல்ட், சுற்றுகளைச் சொல்லும் டேக்கோ கம்பி, கட்டுப்பாட்டுக் கம்பி என்பது இணைப்பானில் அவற்றின் வரிசை. கம்பிகளின் நிறம் விசிறிக்கு விசிறி மாறும், சிலவற்றில் நான்கும் கருப்பு. ஆகவே நிறத்தை நம்பாமல் இணைப்பானின் வரிசையைப் பார்த்து இணையுங்கள். 12 வோல்ட் எப்போதும் முழுமையாக இருக்கும். கட்டுப்பாட்டுக் கம்பியில் நாம் அனுப்பும் 25 கிலோஹெர்ட்ஸ் சைகையைப் படித்து, விசிறியின் உட்சில்லே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 21 முதல் 28 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்கும் என்பது வரையறை. அந்தக் கம்பியில் ஓடும் மின்னோட்டம் சில மில்லிஆம்பியர்தான், ஆகவே ஷீல்டும் வேண்டாம், மாஸ்ஃபெட்டும் வேண்டாம்.

25 கிலோஹெர்ட்ஸ் பெற டைமர் 1-ஐப் பயன்படுத்துங்கள். ஐசிஆர்1 பதிவேட்டில் 320 என்று வைத்து, கட்டம் பிசகாத பிடபிள்யூஎம் முறையைப் பகுப்பான் இல்லாமல் தேர்ந்தால், 16 மெகாஹெர்ட்ஸை 640-ஆல் வகுத்துச் சரியாக 25 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். பிறகு 10-ஆம் பின்னுக்குரிய ஓசிஆர்1பி-யில் 0 முதல் 320 வரை எழுதலாம். 30 சதவீதத்துக்கு 96. 9-ஆம் பின்னும் இதே டைமர்தான், ஆனால் ஷீல்டைக் கழற்றாமல் சோதித்துப் பார்க்கும் எண்ணம் இருந்தால் அந்தப் பக்கம் போக வேண்டாம். அந்தப் பின்னோடு உங்களுக்கு ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. பின்னை நேராக இணைக்காமல் நடுவே ஒரு பிசி547 டிரான்சிஸ்டர் வைத்துக் கம்பியைத் தரைக்கு இழுப்பதே வரையறைக்கு உகந்த முறை. அப்போது சைகை தலைகீழாகும் என்பதை நிரலில் மறக்கக்கூடாது. இதில் ஒரு நன்மையும் உண்டு: கட்டுப்பாட்டுக் கம்பி அறுந்தாலோ ஊனோ மின்சாரமின்றி அணைந்துபோனாலோ கம்பி விடுபட்டு, விசிறி முழு வேகத்துக்குப் போய்விடும். காப்பி உலர்த்தும் பெட்டியில் விசிறி நிற்பதைவிட அதிகமாகச் சுற்றுவது மேல்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவ்வகை விசிறிகளின் வரையறை 12 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 1.2 வோல்ட். உங்கள் பேட்டரியோ வெயில் ஏறிச் சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை போகும். அதற்கு ஒரு வழி செய்துகொள்ளுங்கள். அதே காரணத்தால், ஷீல்டை வைத்துக்கொள்வதாயின் மோட்டார் மின்சாரத்தை ஊனோவுக்கும் கொடுக்கும், அதன் அடிப்பக்கத்தில் உள்ள வின் இணைப்பை வெட்டிவிட்டு ஊனோவுக்குத் தனியே மின்சாரம் கொடுங்கள். மோட்டார் மின்சாரம் 9 வோல்ட்டைத் தாண்டினால் அவ்வாறு செய்யச் சொல்லி ஷீல்டின் குறிப்பிலேயே இருக்கிறது.

செவ்வாய்ப்பேட்டைப் பொடியன் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் இதே ஷீல்டு இருக்கிறது. எங்கள் வீட்டு மேசை விசிறியை இதில் இணைத்து வேகத்தைக் குறைக்க முடியுமா?

ஐந்துரோடு மின்வினைஞர் எழுதியது:

முடியாது தம்பி, முயலவும் வேண்டாம். வீட்டு மேசை விசிறி 230 வோல்ட் மாறுமின்சாரத்தில் ஓடுவது. இந்த ஷீல்டு சில்லறை வோல்ட் நேர்மின்சாரத்துக்கானது. இணைத்தால் ஷீல்டு மட்டும் போகாது, அதோடு யுஎஸ்பி கம்பியில் மாட்டியிருக்கும் கணினியும் அதைத் தொட்டிருக்கும் கையும் சேர்ந்து போகும். மாறுமின்சார விசிறிக்கு மின்னலையின் பூஜ்யக் கடப்பைக் கண்டறிந்து டிரையாக்கைத் தாமதமாகத் திறக்கும் வேறு வகைப் பலகை உண்டு. அதையும் மின்சாரத்தில் பழகிய ஒருவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள். அப்படிச் செய்தாலும் கப்பாசிட்டர் வைத்து ஓடும் விசிறி குறைந்த வேகத்தில் உறுமும். சுவரில் இருக்கும் ரெகுலேட்டர் அதைவிட அமைதியாக வேலை செய்யும்.

நாகலூர்க்காரருக்கு: 14.4 வோல்ட்டுக்கு என் நாட்டு வைத்தியம், விசிறியின் நேர்க்கம்பியில் இரண்டு 1என்5408 டையோடுகளைத் தொடராகப் போடுவது. சேர்ந்து ஒன்றரை வோல்ட் விழும், விசிறிக்கு 13-க்குள் வந்துவிடும். கொஞ்சம் மின்சாரம் வீண்தான், ஆனால் மலை மேல் பழுதானால் நீங்களே சரிசெய்துகொள்ளக்கூடிய பொருள். பேட்டரியின் அருகிலேயே 3 ஆம்பியர் பியூஸ் ஒன்றும் போட்டுவிடுங்கள்.

வாழவந்தி மிளகு எழுதியது:

நான் மின்னணு அறிந்தவன் அல்லன்; பக்கத்து ஊரில் மிளகும் கொஞ்சம் காப்பியும் வைத்திருப்பவன். விசிறியை எப்படி மெதுவாக்குவது என்பதைப் பெரியவர்கள் விளக்கிவிட்டார்கள். எப்போது மெதுவாக்குவது என்பதில் எனக்கு ஐயம் இருக்கிறது. பெட்டிக்குள் ஈரப்பதம் கூடினால் விசிறி வேகமாக வேண்டும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் மாலை நான்கு மணிக்கு மேல் பனிமூட்டம் இறங்கினால் உள்ளேயும் ஈரப்பதம் ஏறும், ஏனென்றால் வெளிக்காற்றே நனைந்து கிடக்கிறது. அந்த நேரம் உங்கள் நிரல் விசிறியை முழு வேகத்தில் ஓட்டி, பகலெல்லாம் காய்ந்த பார்ச்மென்ட்டுக்குள் மூடுபனியை இழுத்துவிடும். காலையில் பார்த்தால் பேட்டரி தீர்ந்திருக்கும், காப்பி பதத்துப்போயிருக்கும். வெளியே ஈரப்பதம் 80-ஐத் தாண்டினால் விசிறியை நிறுத்திவிடுங்கள் என்பது என் கருத்து.

கருப்பூர் ஆசிரியர் எழுதியது:

வாழவந்தி நண்பர் சுட்டிய பிழை மிக முக்கியமானது. நான் டைமரிலேயே மூழ்கி அதைக் கவனிக்காமல் விட்டேன். ஆனால் அவர் சொன்ன 80 சதவீத விதியைப் பகலுக்கும் பொருத்தினால் நல்ல நேரமும் வீணாகும்.

ஈரப்பதம் என்று சென்சார் காட்டுவது, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இருக்கிறது என்பதைத்தான். 18 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதமுள்ள மலைக்காற்றில் நீராவியின் அழுத்தம் சுமார் 18.6 மில்லிபார். அதே காற்று உங்கள் கருந்தகரத்தின் மேல் 38 டிகிரிக்குச் சூடானால், அங்கே அது தாங்கக்கூடியது 66 மில்லிபார் என்பதால், ஈரப்பதம் 28 சதவீதமாக இறங்கிவிடும். வெளியே மேகம் சூழ்ந்து 90 காட்டினாலும், பெட்டி சூடாக இருக்கும்வரை அந்தக் காற்று காப்பியை உலர்த்தும் காற்றுதான். வெயில் போய் உள்ளும் வெளியும் ஒரே வெப்பநிலைக்கு வந்தபிறகு, அதே 90 சதவீதக் காற்று 90 சதவீதமாகவே உள்ளே நுழையும். அப்போது நிறுத்த வேண்டும். ஆகவே வெளியிலும் ஒரு டிஹெச்டி22 வைத்து, இரண்டின் வெப்பநிலை வேறுபாட்டைப் பாருங்கள். வேறுபாடு நான்கு டிகிரிக்குக் கீழே போனால் நிறுத்தவும், ஆறுக்கு மேல் ஏறினால் தொடங்கவும் சொல்லுங்கள்; இரண்டுக்கும் ஒரே எண் வைத்தால் மேகம் கடக்கும்போதெல்லாம் விசிறி விட்டுவிட்டுத் துடிக்கும்.

பகலில் வேகத்தைத் தீர்மானிக்க ஈரப்பதத்தைவிட உள்வெப்பநிலையே நல்ல அளவுகோல். விசிறி மெதுவானால் காற்று தகரத்தின் மேல் நெடுநேரம் தங்கிச் சூடாகும், வேகமானால் குளிரும். 40 டிகிரியைத் தாண்டினால் வேகத்தைக் கூட்டுங்கள், தாழ்ந்தால் குறையுங்கள். குறைப்பதில் பேட்டரிக்குக் கிடைக்கும் லாபம் நீங்கள் எண்ணுவதைவிடப் பெரிது: விசிறியின் வேகம் பாதியானால் காற்றும் பாதியாகும், ஆனால் இறக்கைக்குத் தேவைப்படும் திறன் எட்டில் ஒரு பங்காகிவிடும்.

வாழவந்தி மிளகு எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். ஒரு விலக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழத்தோல் உரிக்கும் பல்ப்பரிலிருந்து வந்து கழுவி முதல் நாள் தட்டில் பரப்பிய பார்ச்மென்ட் சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும். அதை இரவு முழுவதும் காற்றில்லாமல் மூடி வைத்தால் புளித்த வாசனை ஏறிவிடும், பூஞ்சையும் பிடிக்கும். மேலோட்டமான நீரை 90 சதவீதக் காற்றும் கொஞ்சம் எடுத்துச் செல்லும். ஆகவே முதல் இரவில் மட்டும் விசிறி மிக மெதுவாக ஓடட்டும். உலர்ந்துவரும் நாட்களில் இரவு நிறுத்துங்கள். இதைச் சென்சார் கண்டுபிடிக்காது, நீங்கள்தான் ஒரு சுவிட்ச் வைத்துச் சொல்ல வேண்டும்.

நாகலூர்க் காப்பிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

முதலில் பழைய விசிறிகளுக்கே மாஸ்ஃபெட் போட்டு 30 ஹெர்ட்ஸில் ஓட்டிப் பார்த்தேன். மாஸ்ஃபெட் கைக்குக் குளிர்ச்சியாகவே இருக்கிறது. விசிறி முனைகளில் இப்போது 12.3 வோல்ட் கிடைக்கிறது. வேகம் முழுமையிலிருந்து 45 சதவீதம் வரை ஒழுங்காக இறங்கியது, அதற்குக் கீழே ஒரு விசிறி ஒத்துழைக்கவில்லை. ஆனால் டக்டக் ஓசை மாடிக்குக் கீழே படுத்திருந்த அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்தது. அதனால் சேலம் இறங்கிய நாளில் நான்கு கம்பி விசிறிகள் இரண்டு வாங்கி வந்தேன். இரண்டின் கட்டுப்பாட்டுக் கம்பிகளையும் ஒரே பிசி547-க்குக் கொடுத்து, டேக்கோ கம்பிகளை மட்டும் 2-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் தனித்தனியாகக் கொண்டுவந்திருக்கிறேன். இப்போது 25 சதவீதத்திலும் இரண்டும் சத்தமின்றிச் சுற்றுகின்றன. டையோடு வைத்தியமும் செய்தாயிற்று. நல்ல வெயிலில் விசிறிக்கு 12.9 வோல்ட் போகிறது.

வெளியில் இரண்டாவது சென்சார் வைத்ததில், மேகம் மூடிய ஒரு நண்பகலில் வெளியே 88 சதவீதமும் பெட்டிக்குள் தகரத்தின் மேல் 35 சதவீதமும் காட்டியதைப் பார்த்தபோதுதான் ஆசிரியர் சொன்ன கணக்கு மனத்தில் பதிந்தது. முதல் இரவுக்கான சுவிட்சும் வைத்துவிட்டேன்.

ஒரு சிக்கல் மட்டும் மீதமிருக்கிறது. ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு என்ற கணக்கில் விநாடிக்கு வரும் துடிப்புகளை 30-ஆல் பெருக்கி வேகத்தைக் காட்டுகிறேன். முதல் விசிறி சரியாகக் காட்டுகிறது. இரண்டாவது விசிறி சில நேரம் இரண்டு மடங்கு, சில நேரம் மூன்று மடங்கு காட்டுகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒரே வேகம். இரண்டாவதற்குக் கம்பி நீளம், ஏறத்தாழ 3 மீட்டர். பின்னின் உள் புல்-அப்பையே பயன்படுத்தியிருக்கிறேன்.

ஐந்துரோடு மின்வினைஞர் எழுதியது:

விடையை நீங்களே கடைசி இரண்டு வாக்கியங்களில் எழுதிவிட்டீர்கள். டேக்கோ முனை தரைக்கு இழுக்க மட்டுமே செய்யும், மேலே தூக்குவது உங்கள் வேலை. ஊனோவின் உள் புல்-அப் 20 முதல் 50 கிலோஓம் வரை இருக்கும். 3 மீட்டர் கம்பி அக்கம்பக்கத்து இரைச்சலையெல்லாம் பிடித்துக்கொண்டு வரும்போது அது தாங்காது. அந்தப் பின்னிலிருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோஓம் ஒன்றும், தரைக்கு 10 நானோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றும் ஊனோவின் அருகிலேயே வையுங்கள். டேக்கோ கம்பியைக் கட்டுப்பாட்டுக் கம்பியோடு முறுக்கிக் கொண்டுவந்திருந்தால் பிரித்துவிட்டு, தரைக் கம்பியோடு முறுக்குங்கள்.

நாகலூர்க் காப்பிக்காரன் எழுதியது:

முறுக்கித்தான் வைத்திருந்தேன், அழகாக இருக்கட்டும் என்று. பிரித்து, மின்தடையும் கப்பாசிட்டரும் வைத்தபின் இரண்டு விசிறிகளும் முழு வேகத்தில் 2,340, 2,370 என்று அருகருகே காட்டுகின்றன.